குளிர்ந்து கிடக்கும் ஆமைக்கு ஊட்டாதீர்கள்

இந்த வாரமும் ஒரு நில ஆமை வந்தது. மூக்கில் நுரை, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு வாங்குகிறது. விசாரித்தால், "ரொம்ப சோர்வா இருந்துச்சு டாக்டர், எதுவும் சாப்பிடல, அதனால சாப்பாட்டைக் கரைச்சு சிரிஞ்சுல வாயில ஊத்தினோம்" என்கிறார்கள். ஊற்றியது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போயிருக்கிறது. ஆமைக்கு நம்மைப் போல இருமி வெளியே தள்ளத் தெரியாது, உள்ளே போனது அங்கேயே தங்கி நிமோனியாவாகிவிடுகிறது. அன்பினால்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதே கதையை இத்தனை முறை கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆமை சாப்பிடவில்லை என்றதும் எல்லாரும் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: சாப்பிடாததால் பலவீனம், எப்படியாவது உள்ளே ஏதாவது போயாக வேண்டும். அப்படி இல்லை. பெரும்பாலும் உடம்பு முடியாததால்தான் அது சாப்பிடவில்லை, அந்த முடியாமைக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது குளிர். தன் உடம்புக்கு வேண்டிய சூட்டை ஆமை வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. அது கிடைக்காவிட்டால் குடல் அசையாது, நோய் எதிர்ப்பு மந்தமாகும், நாங்கள் போடும் ஆன்டிபயாடிக் கூடச் சரியாக வேலை செய்யாது. அந்த நிலையில் உணவை உள்ளே தள்ளுவது அடுப்பு பற்றவைக்காமல் உலையில் அரிசி போடுவது மாதிரி. செரிக்காமல் கிடந்து புளிக்கும், வாயு சேரும், ஓட்டுக்குள் நுரையீரல் விரிய இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். உடம்பில் நீர் வற்றியிருந்தால் திணறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு இன்னும் சுமை. நெடுநாள் பட்டினி கிடந்த ஆமைக்குத் திடீரென்று சத்தான உணவை நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து உயிரே போகலாம். நல்ல உடல்கட்டோடு இருக்கும் வளர்ந்த ஆமை வாரக்கணக்கில் சாப்பிடாமல் தாங்கும், அதனால் இன்றைக்கே ஊட்டியாக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். முதலில் சூடு, அடுத்து தண்ணீர், சாப்பாடு கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சூடு என்றால் எவ்வளவு? இனத்துக்கு இனம் மாறும். பெரும்பாலான நில ஆமைகளுக்கு நோய் நேரத்தில் பகலில் சுற்றுப்புறம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், விளக்கின் நேர் கீழே 32 முதல் 35 டிகிரி இருந்தால் நல்லது. இரவிலும் சூட்டை இறங்க விடாதீர்கள். வெளிச்சம் வேண்டாம், வெளிச்சம் இல்லாத செராமிக் ஹீட்டர் போதும், சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டோடு. அறையின் சூட்டைச் சொல்லாதீர்கள், ஆமையின் முதுகு உயரத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். சூடாகும் செயற்கைக் கல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். சோர்ந்த ஆமை அதன் மேலேயே படுத்துக் கிடக்கும், நகராது, அடி ஓடு வெந்து வந்த ஆமைகளுக்கு நாங்கள் மாதக்கணக்கில் கட்டுப் போட்டிருக்கிறோம். இதே காரணத்தால் பெட்டியில் ஒரு ஓரம் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருக்கட்டும்.

அப்புறம் யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைத்தோம் என்பவர்களுக்கு: கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பல்பு எரிகிறது என்பதற்காக அதிலிருந்து கதிர் வருகிறது என்றும் அர்த்தமில்லை, 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

தண்ணீர் வைத்தியம் மிக எளிது, ஆனால் யாருமே செய்வதில்லை. 30 டிகிரி அளவில் வெதுவெதுப்பான நீரை ஓரம் உயர்ந்த அகலமான டப்பாவில், ஆமை தலையைத் தாழ்த்தினாலும் மூக்கு எளிதாக மேலே இருக்கும் ஆழத்துக்கு மட்டும் ஊற்றி, 15 முதல் 20 நிமிடம் உட்கார வையுங்கள். தினமும். பக்கத்திலேயே இருங்கள், நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, பலவீனமான ஆமை சில அங்குல நீரிலும் மூழ்கும். பல ஆமைகள் தானே தலையைக் குனிந்து குடிக்கும், அங்கேயே மலமும் சிறுநீரும் கழிக்கும், உடனே நீரை மாற்றிவிடுங்கள். வெள்ளையாகக் கூழ் போல வருவது யூரேட், சிறுநீரோடு வெளியேறும் உப்புக் கழிவு. அது மணல் போலக் கரகரப்பாக இருந்தால் உடம்பில் நீர் போதவில்லை. குளியல் முடிந்ததும் துடைத்துவிட்டுச் சூட்டுக்குத் திருப்பிவிடுங்கள். வாயில் மட்டும் ஊற்றாதீர்கள், தண்ணீரைக் கூட.

இந்த இரண்டையும் செய்து, கண்ணைத் திறந்து நடமாடத் தொடங்கியதும் அதற்குப் பழக்கமான கீரை இலைகளை முன்னால் வைத்தால் போதும், எடுத்துக்கொள்ளும். எடுக்கவில்லை என்றால் குழாய் போட்டு உணவு கொடுப்பது எங்கள் வேலை, வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நாய்க்கு வாங்கிய பூச்சி மருந்து, மிச்சமிருந்த ஆன்டிபயாடிக், கண் வீங்கியிருக்கிறது என்று வைட்டமின் ஏ ஊசி, எதுவும் கூடாது. ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து ஆமையைக் கொல்லும். வைட்டமின் ஏ அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகும். மருத்துவர் ஊசியை வீட்டிலேயே போடச் சொல்லியிருந்தால் அவர் காட்டிய முன்னங்கால் பக்கமே போடுங்கள், பின்னங்கால் வசதியாக இருக்கிறது என்று மாற்றாதீர்கள். பின்பக்க ரத்தம் சிறுநீரகம் வழியாகவும் போவதால் சில மருந்துகள் அங்கே சேதம் செய்யும், சில சீக்கிரம் வெளியேறிவிடும்.

"குளிர்காலத் தூக்கம்னு நினைச்சோம்" என்பது இன்னொன்று. வெப்பமண்டல இனங்களுக்கு அந்தத் தூக்கமே கிடையாது. அந்தப் பழக்கம் உள்ள இனமாக இருந்தாலும் நோயாளி ஆமையைத் தூங்க விடக் கூடாது. ஆண் துணையே இல்லாத பெண் ஆமையும் முட்டை வைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது சாப்பிடாமல் தரையைத் தோண்டித் தோண்டித் தவித்தால் முட்டை சிக்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும்.

படுக்கைக்கு வெறும் பேப்பர் போதும், கழிவு தெரியும். மற்ற ஆமைகளிடமிருந்து பிரித்து வையுங்கள். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா ஆரோக்கியமான ஆமையிடமும் இருக்கும். சமையலறைத் தொட்டியில் குளிப்பாட்டவே வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் கிராம் கணக்கில் எடை போட்டு எழுதி வையுங்கள், ஓடு இருப்பதால் மெலிவது கண்ணுக்குத் தெரியாது.

மூக்கில் குமிழி, வாய் திறந்த மூச்சு, வாய்க்குள் மஞ்சளாகத் தயிர் போன்ற படலம், மென்மையாகிவிட்ட ஓடு, ரத்தம், இழுத்துக்கொண்டு நடக்கும் பின்னங்கால், புண்ணில் புழு, 10 சதவீத எடை இழப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. தயவுசெய்து ஊர்வன பார்க்கும் மருத்துவரைத் தேடிப் போங்கள், இரண்டு நாள் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். ஆமை நோயை வெளியே காட்டும்போது அது வந்து பல வாரம் ஆகியிருக்கும். சின்னப் பெட்டியில் துண்டு விரித்து, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஓரமாக வைத்து, புரளாமல் கொண்டு வாருங்கள். எடை எழுதிய தாள், விளக்கின் படம், கடைசியாகக் கழித்த மலம் இருந்தால் அதையும் கையோடு எடுத்து வாருங்கள்.