டொரண்ட் பட்டியல் அழிந்துவிட்டதா? கோப்புகளை அழித்துவிடாதீர்கள்

சென்ற மாதம் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர், துணிப்பையில் லேப்டாப்பையும் இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். வேறோர் இடத்தில் விண்டோஸை மறுபடி நிறுவிக் கொடுத்திருக்கிறார்கள். சி டிரைவ் முழுக்கத் துடைக்கப்பட்டுவிட்டது. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்திலிருந்து இறக்கிய பழைய நூல் ஸ்கேன்களையும், டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிறுவல் படிமங்களையும் டொரண்ட் முறையில், அதாவது ஒரே கோப்பைப் பலரும் தங்கள் கணினிகளிலிருந்து துண்டு துண்டாக ஒருவருக்கொருவர் அனுப்பும் முறையில், ஆறு ஆண்டுகளாகப் பகிர்ந்து வந்தவர் அவர். அதற்கான மென்பொருளான கியூபிட்டொரண்டை இப்போது திறந்தால் பட்டியல் காலி.

"டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருக்கின்றன, தம்பி. ஆனால் பகிர வேண்டுமென்றால் முதலிலிருந்து இறக்கியாக வேண்டும் என்கிறார்கள். நடக்கிற காரியமா?" என்றார்.

"ஒன்றைக்கூட இறக்க வேண்டாம் ஐயா. எதையும் அழிக்காமல் கொண்டுவந்தீர்களே, அதுவே போதும்" என்றேன். இதே நிலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இறக்கத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

கியூபிட்டொரண்ட் தன் கணக்குப் புத்தகத்தை சி டிரைவில், பயனரின் ஆப்டேட்டாவுக்குள் பிடி_பேக்கப் என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறது. எந்த டொரண்ட், எந்த இடத்தில், எவ்வளவு முடிந்தது என்ற விவரமும் டொரண்ட் கோப்புகளின் நகல்களும் அதில் இருக்கும். விண்டோஸோடு சேர்ந்து போனது அதுதான். கோப்பு சரியானதா என்பதற்கான சாட்சியமோ டொரண்ட் கோப்பிலேயே, அதாவது பகிரப்படும் தரவின் விவரங்களைக் கொண்ட சின்னக் கோப்பிலேயே, இருக்கிறது. பிராம் கோஹன் 2001-இல் இந்த முறையை வகுத்தபோதே, பகிரப்படும் தரவைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் ஷா-1 ஹேஷ், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண், எழுதிவைக்கும்படி செய்தார். பின்னர் வந்த இரண்டாம் பதிப்பு ஷா-256-ஐப் பயன்படுத்துகிறது. டிஸ்க்கில் உள்ளதைப் படித்து, ஹேஷ் கணக்கிட்டு, ஒப்பிட்டுப் பார்த்தால் மென்பொருளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, அதே டொரண்ட் கோப்புகளைத் திரும்பச் சேகரிப்பது. இன்டர்நெட் ஆர்கைவ் 2012 முதல் டொரண்ட் கோப்புகளைத் தருகிறது. டெபியன் தளத்திலும் கிடைக்கும். ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது, உடனே தொடங்கு என்ற குறியை எடுத்துவிட வேண்டும். அடுத்து, சேமிக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். நூலகரின் கோப்புகள் ஈ டிரைவில், பகிர்வு என்ற ஃபோல்டருக்குள் இதழ்கள் என்ற ஃபோல்டரில் இருந்தன. அவர் வீட்டில் முயன்றபோது இதழ்கள் ஃபோல்டரையே காட்டியிருக்கிறார். மென்பொருள் அதற்குள் இன்னோர் இதழ்கள் ஃபோல்டரைத் தேடிவிட்டு, 0 சதவீதம் என்றது. அவரும் தொடங்கு பொத்தானை அழுத்திவிட்டார். உள்ளே இரண்டாவது பிரதி இறங்கத் தொடங்கியிருந்தது. நான் ஒரு படி மேலே, பகிர்வு ஃபோல்டரைக் காட்டி, டிஸ்க்கில் உள்ளதை மறுபடி சரிபார்க்கும் ஃபோர்ஸ் ரீசெக் கட்டளையைக் கொடுத்தேன். எண் மெல்ல ஏறி 100-ஐத் தொட்டதும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சரிபார்ப்புக்கு நேரம் பிடிக்கும். 1.4 டெராபைட்டைப் பழைய யூஎஸ்பி 2 துளை வழியே நொடிக்கு 35 மெகாபைட் வேகத்தில் படித்தால் 11 மணி நேரம் ஆகும். வேகமான யூஎஸ்பி 3-இன் நீல நிறத் துளைக்கு மாற்றினேன். மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தது. அவசரத்தில் ஹேஷ் சோதனையைத் தவிர்க்கும் குறியைப் போட்டுவிடாதீர்கள். மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு 100 சதவீதம் என்று சொல்லி, பழுதான துண்டுகளையும் அனுப்பும். பெறுபவரின் மென்பொருள் அவற்றை நிராகரிக்கும். உங்களையும் தடை செய்யலாம்.

சில டொரண்டுகள் 99.6-இல் நின்றன. ஆர்கைவின் விவரக் கோப்புகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படுபவை. அதனால் புதிய டொரண்ட் கோப்போடு பழைய தரவு முழுதும் பொருந்துவதில்லை. முதல் பதிப்பு முறையில் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டவைத்துத்தான் வெட்டுவார்கள். எனவே சின்னக் கோப்பு ஒன்று மாறினாலும், பக்கத்துப் பெரிய கோப்பின் விளிம்பும் சேர்ந்து தோற்கும். அங்கே தொடங்கு பொத்தானை அழுத்தலாம். சில மெகாபைட் இறங்கினால் போதும். ஆனால் ஓர் ஒலித் தொகுப்பு 91-இல் நின்றது. விசாரித்தால், பாடல்களின் தலைப்புகளை எம்பி3 கோப்புகளுக்குள் அவரே தமிழில் திருத்தி எழுதியிருக்கிறார். அழுத்தியிருந்தால் அத்தனை திருத்தமும் போயிருக்கும். அந்தத் தொகுப்பை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே தொடங்கினோம்.

இனி மாதம் ஒருமுறை, கியூபிட்டொரண்டை மூடிவிட்டு, பிடி_பேக்கப் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் நகலெடுக்கச் சொல்லியிருக்கிறேன். திரும்ப வைக்கும்போது டிரைவின் எழுத்து முன்பு இருந்ததாகவே இருக்க வேண்டும். பாதை முழுதும் அதில் பதிவாகியிருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம். ஒரு பழைய அகராதியின் ஸ்கேன். அதை வெளியிட்ட பக்கமே இப்போது இல்லை. அவருடைய மின்னஞ்சலில் மேக்னெட் இணைப்பு, அதாவது டொரண்டின் அடையாளத்தைக் கொண்ட இணைப்பு, இருந்தது; ஆனால் மற்ற விவரங்களைத் தர இணையத்தில் யாரும் இல்லை. டொரண்ட் கோப்பை நாமே மறுபடி உருவாக்கிப் பார்த்தோம். கோப்பின் பெயரும் துண்டின் அளவும் பழையபடியே அமைந்தால் அதே 40 எழுத்து அடையாளம் வரும். பகிர்பவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும் டிராக்கரின் முகவரி மாறினால் பாதகமில்லை. 256 கிலோபைட், பொருந்தவில்லை. 512, இல்லை. ஒரு மெகாபைட் வைத்ததும், மின்னஞ்சலில் இருந்த எழுத்துகளை அவர் விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். நாற்பதும் பொருந்தின.

நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அகராதிக்கு ஒருவர் வந்திருக்கிறார். 61 சதவீதத்தோடு நின்றிருக்கிறார் போலிருக்கிறது. இப்போது 64."