தட்டைப் பலகைக்கு வளைவு வந்த விதம்

ஜூன், ஜூலையில் மத்திக் கூட்டம் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் வலைக்காரர்கள் அலைக்குள் படகு இறக்குவார்கள். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து கடலுக்குப் போன நம் முன்னோர்களும் பார்த்த தொழில் அது. அப்படி ஒரு கரையில் வளரும் நம் பிள்ளைகள், படகு வடிவமைப்பும் ஒரு படிப்பு, ஒரு பிழைப்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1971இல் கேப் டவுனிலிருந்து பிரேசிலின் ரியோவுக்கு முதல் பாய்மரப் படகுப் போட்டி நடந்த நாடு இது. இங்கிருந்து உலகறிந்த வடிவமைப்பாளர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் டட்லி டிக்ஸ் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

படகின் அடிப்பாகம் உருண்டையாக இருந்தால் நல்லது. ஒரே அளவு தண்ணீரை விலக்கும் வடிவங்களில் அரைவட்டத்துக்குத்தான் நனையும் தோல் குறைவு. தோல் குறைந்தால் உராய்வும் குறையும். ஆனால் வீட்டுக் கொல்லையில் படகு கட்டுகிறவருக்குக் கிடைப்பது பிளைவுட். வாழை இலையைப் போல அது ஒரு பக்கமாகச் சுருளும், தேங்காய் மேல் போர்த்தினால் கிழியும். அதனால் பழைய பிளைவுட் படகுகளில் பக்கப் பலகையும் அடிப் பலகையும் கூர்மையான மூலையில் சந்திக்கும். கட்டுவது சுலபம்தான், ஆனால் படகு சாயும்போது அந்த மூலையில் தண்ணீர் சுழித்து வேகத்தைத் தின்னும்.

டிக்ஸ் அந்த மூலையை வட்ட வில்லாக மாற்றினார். படகின் பெரும்பகுதி நீளத்துக்கு வில்லின் ஆரம் ஒன்றே. ஆகவே அங்கே பலகை ஒரு பக்கமாக மட்டும் வளைந்தால் போதும், கிழியாது.

சரி, விறைப்பான பலகையை அவ்வளவு இறுக்கமாக எப்படி வளைப்பது? விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு விசையே போதும். எனவே மெல்லிய பலகையை இரண்டு அடுக்காக, இடையில் எபாக்சி பசை பூசி, வளைத்து இறுக்குகிறார்கள். பசை காய்ந்ததும் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவ முடியாது. இரண்டும் ஒரே தடித்த பலகையாகிவிடும், விறைப்பு திரும்பிவிடும், வளைவும் அப்படியே நிற்கும்.

இந்த முறையில் தனக்காகவே கட்டிய 38 அடிப் படகுக்குக் கறுப்புப் பூனை என்று பொருள்படும் 'பிளாக் கேட்' என்று பெயர் வைத்து, ரியோ போட்டிக்கு அவரே ஓட்டிப்போனார். வரைந்தவரே கட்டி, கட்டியவரே பெருங்கடல் தாண்டும்போது வரைபடத்தின் ஒவ்வொரு கோடும் சோதனைக்கு உள்ளாகிறது.

இந்த முறையில் கட்டிப் பார்க்க நினைப்பவர்கள் பசை கலக்கும் முன் ஒரு துண்டை வெறுமனே வளைத்துக் கட்டிப் பாருங்கள். பலகையின் மேல் ஏட்டில் மர இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து, ஒரே பலகை ஒரு பக்கம் இணங்கும், மறுபக்கம் முறியும்.