விரிசலுக்கு மேல் புது ரோடு போடாதீர்கள்

ஐப்பசி மழைக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் குடியிருப்போர் சங்கங்களுக்கும் கல்லூரி நிர்வாகங்களுக்கும் வளாகத்துத் தார் ரோடு கண்ணில் படுகிறது. எங்கிருந்து கொட்டேஷன் கேட்டாலும் கடிதம் ஒன்றுதான்: "ரோடு முழுக்க விரிசல். மேலே ஓர் அங்குலம் தார் போட எவ்வளவு ஆகும்?" விரிசல் எந்த இடத்தில், எந்த வடிவில், எத்தனை அகலத்தில் என்று ஒரு வரி இருக்காது.

அந்த ஓர் அங்குலம் விரிசலைக் கொஞ்ச நாள் ஒளித்து வைக்கும், அவ்வளவுதான். வண்டி ஏறும்போது பழைய விரிசலின் இரண்டு விளிம்பும் தனித்தனியாக அசைகின்றன. வெயிலில் நெருங்கி, குளிரில் விலகுகின்றன. மேலே ஒட்டியிருக்கும் புதுத் தார் அதே கோட்டில் இழுபட்டு, அடியிலிருந்து கிழிந்துகொண்டே வரும். வருடத்துக்கு ஓர் அங்குலம் ஏறும் என்பது இந்தத் தொழிலில் பழைய கைக்கணக்கு. "அப்படியானால் இரண்டு அங்குலம் போடுங்கள்" என்பார்கள். போடலாம், இன்னொரு மழை தாங்கும். அதற்குள் ரோடு உயர்ந்து வீட்டு வாசல் பள்ளமாகிவிடும். பழைய அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று தமிழ்நாடு தலைமைச் செயலாளர் 2021-ல் துறைகளுக்கு எழுதியதே இந்த உயரத் தொல்லையால்தான். ஆனால் சுரண்டிய தளத்திலும் விரிசல் தெரிந்து, அதை அடைக்காமல் தார் போட்டால் மறுபடி அதே கதைதான்.

முதலில் ரோட்டைப் பாருங்கள். காலையில் கழுவி விட்டுக் காயும்வரை நில்லுங்கள். தளம் வெளுத்த பிறகும் விரிசல்கள் மட்டும் கறுப்புக் கோடாக ஈரம் பிடித்து நிற்கும். சாக்பீஸால் குறித்து, ஸ்டீல் ஸ்கேலால் அகலத்தை அளந்து எழுதுங்கள். அரை நாள் வேலை.

சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத் தோல் மாதிரி உள்ளங்கை அளவுக் கட்டங்கள் தெரிந்தால் அடித்தளம் தளர்ந்துவிட்டது. விளிம்பில் வெளுத்த சேறு காய்ந்து கிடக்கிறதா? அது மேலிருந்து வந்த புழுதி அல்ல. வண்டி ஏற ஏற அடியில் தேங்கிய நீர் மண்ணைக் கரைத்து வெளியே தள்ளியிருக்கிறது. வண்டி போகாத இடத்திலும் இரண்டடி, மூன்றடிச் சதுரங்களாக வெடித்திருந்தால் தார் வயதாகி இறுகியிருக்கிறது, அடைத்தால் போதும். ஓரத்தை ஒட்டி நீளமாக ஓடினால் பெர்ம் (ரோட்டை ஒட்டிய ஓரம்) மண் அரித்துப் பிடிமானம் போயிருக்கும். பெர்மைக் கட்டிவிட்டு அப்புறம் விரிசலுக்கு வாருங்கள். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலில் இதே நீள விரிசல் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். அங்கே மண்ணே சுருங்கி விரிவதால், ஓரத்தில் நீர் தேங்கிக்கொண்டிருக்கும்வரை எந்த அடைப்பும் நிற்காது. பஸ் நிற்கும் இடத்திலும் வேகத்தடைக்கு முன்னாலும் பிறை வடிவில் கிழிந்திருந்தால், மேலடுக்கு கீழே ஒட்டவே இல்லை. அடுக்குகளை ஒட்டவைக்கும் டேக் கோட் அடிக்கவில்லை, அல்லது புழுதிமேல் அடித்திருக்கிறார்கள். (கேட்டால் வெயில்மேல் பழி போடுவார்கள்.) அந்தத் துண்டைப் பெயர்த்து எடுத்துத்தான் போட வேண்டும்.

3 மி.மீ.க்குக் குறைந்த விரிசலுக்கு மெதுவாக இறுகும் எமல்ஷனை (தண்ணீரில் கலந்த தார்) ஊற்றி, ரப்பர் வைப்பரால் இழுத்தால் உள்ளே இறங்கிவிடும். அதற்கு மேல் 20 மி.மீ. வரை ரப்பர் கலந்த சூடான சீலன்ட் (விரிசல் அடைக்கும் தார்). அதையும் தாண்டியதற்கு, 4.75 மி.மீ. சல்லடையில் சலித்த கிரஷர் டஸ்டை (கல் தூள்) எமல்ஷனில் பிசைந்து கெட்டிக்க வேண்டும். சிமெண்ட் பாலை ஊற்றாதீர்கள். தார் அசையும், சிமெண்ட் அசையாது, ஒரு கோடையில் தனியாகக் கழன்று நிற்கும்.

சீலன்ட் வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். புல்லை வேரோடு பிடுங்கி, கம்பி பிரஷ் போட்டு, கம்பிரசர் காற்றில் ஊதுங்கள். விளிம்பில் விரலை ஓட்டினால் தூசி ஒட்டக் கூடாது. மழை பெய்திருந்தால் ஒரு முழு நாளாவது காய வேண்டும். ஈரத்தில் சூடான சீலன்டை ஊற்றினால் நீராவி குமிழ்விட்டு மேலே வரும், ஒட்டாது. ஊற்றும் சூடு பெரும்பாலும் 180 முதல் 190 டிகிரி; மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். டிரம்முக்கு அடியில் நேரடியாக விறகு எரித்தால் ரப்பர் கருகிவிடும். சுற்றிலும் சூடான எண்ணெய் நிற்கும் இரட்டைச் சுவரும் தெர்மாமீட்டரும் உள்ள பாய்லர் இல்லாத ஆளுக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். தளத்துக்கு 3 மி.மீ. கீழே நிறுத்தி, மேலே டஸ்ட் தூவிவிட்டு வண்டியை விடுங்கள். 1 செ.மீ. அகலம், 1 செ.மீ. ஆழம் என்றால் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 11 கிலோ. சிந்துவதையும் சேர்த்து 13 என்று வையுங்கள்.

முதலைத் தோலில் தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள். விரிசல் முடிந்த இடத்துக்கு ஓர் அடி தள்ளி, நேர்கோட்டில் சதுரமாக வெட்டுங்கள். கெட்டியான அடுக்கு வரும்வரை தோண்டுங்கள். வெட் மிக்ஸ் (தாருக்கு அடியில் இறுக்கிய ஜல்லி அடுக்கு) நனைந்திருந்தால் அதையும் எடுங்கள். கீழ்த்தளத்தை நிரப்பி இறுக்கி பிரைம் கோட் (ஜல்லிக்குள் இறங்கும் மெல்லிய தார்) அடித்துக் காய்ந்தபின், நான்கு பக்கச் சுவருக்கும் டேக் கோட். எமல்ஷன் டீ நிறத்திலிருந்து கறுப்பாக மாறும்வரை பொறுங்கள், அவசரப்பட்டால் ஒட்டாது. ஹாட் மிக்ஸை (சூடான தார்-ஜல்லிக் கலவை) ஒரு தடவைக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் போட வேண்டாம். வி.ஜி.-30 ரகத் தார் என்றால் விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, 90-க்கு இறங்கும் முன் ரோலர் முடிந்திருக்க வேண்டும். லாரி இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் நின்று வந்திருந்தால் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்து, ஆறியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வேலை செய்பவர்களுக்கு முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, ஷூ கட்டாயம். செருப்போடு சீலன்ட் ஊற்றும் ஆளைப் பார்த்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். தோலில் சூடான தார் பட்டால் உடனே குளிர்ந்த நீரில் காட்டிக்கொண்டே இருங்கள். ஒட்டிய தாரை உரிக்காதீர்கள், மண்ணெண்ணெய் தேய்க்காதீர்கள். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.