‘எக்செக்’: கொள்கலனுக்குள் ஒரு கட்டளை

மென்பொருளைக் கொள்கலன் (கண்டெய்னர்) எனப்படும் தனித்த சூழலுக்குள் ஓடவிடும் கருவி டாக்கர். இயங்கிக்கொண்டிருக்கும் கொள்கலனுக்குள் புதிதாக ஒரு கட்டளையை ஓடவிட, அதில் ‘எக்செக்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். இது ‘எக்சிக்யூட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். அதன் வேர், இறுதிவரை பின்தொடர்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினை. ‘நிறைவு’, ‘ஏறு’ ஆகிய இரண்டும் சேர்ந்த ‘நிறைவேறு’ என்பதன் பிறவினையாகிய ‘நிறைவேற்று’ அந்த வேர்ப்பொருளுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி நிற்கிறது.

ஆனால் வேரை மட்டும் பார்த்துத் தமிழாக்கிவிட முடியாது. யூனிக்ஸ் மரபில் எக்செக் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறை (பிராசஸ்) தன் அடையாள எண்ணை மாற்றாமல் தன் நிரலை மட்டும் உதறிவிட்டு வேறொரு நிரலை ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும். பழையது மறைந்து, அதே இடத்தில் புதியது நிற்கும். கொள்கலன் எக்செக்கிலோ, கொள்கலனோடு சேர்ந்தே தொடங்கிய முதன்மைச் செயல்முறை தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்க, அதனருகே இன்னொன்று பிறக்கிறது. ஒரு செயல்முறை எவற்றைக் காணலாம் என்று வரையறுப்பவை லினக்ஸின் பெயர்வெளிகள் (நேம்ஸ்பேஸ்). அந்தக் கொள்கலனுக்குரிய பெயர்வெளிகளுக்குள் புதிய செயல்முறை புகுத்தப்படுவதால், கொள்கலனின் கோப்புகளையும் வலையமைப்பையும் செயல்முறைப் பட்டியலையுமே அது காண்கிறது. 2014 அக்டோபரில் வெளிவந்த டாக்கர் 1.3 பதிப்பில் இக்கட்டளை சேர்வதற்கு முன்பு, இதே வேலைக்கு ‘என்எஸ்என்டர்’ என்ற கருவியை நாடினார்கள். ‘பெயர்வெளிக்குள் நுழை’ என்னும் அந்தப் பெயரே நடப்பதை உள்ளபடி சொன்னது என்று கருதுகிறேன்.

டாக்கரின் வேறு இரண்டு கட்டளைகளிலிருந்தும் எக்செக்கைப் பிரித்தறிய வேண்டும். ‘ரன்’ என்பது, கொள்கலனுக்கு அச்சாக இருக்கும் படிமத்திலிருந்து (இமேஜ்) புதிய கொள்கலனை உருவாக்கித் தொடங்குவது. ‘அட்டாச்’ என்பது முதன்மைச் செயல்முறையின் உள்ளீட்டோடும் வெளியீட்டோடும் நம் முனையத்தை இணைப்பது. அட்டாச் செய்த நிலையில் ‘கண்ட்ரோல் சி’யை அழுத்தினால் முதன்மைச் செயல்முறையே முடிந்து, கொள்கலனும் நின்றுவிடக்கூடும். எக்செக் வழியே திறந்த ஷெல்லை (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓடவிடும் நிரலை) மூடினால் அந்த ஷெல் மட்டுமே முடிகிறது. ஆனால் முதன்மைச் செயல்முறை முடிந்தால் எக்செக்கில் ஓடியதும் முடிந்துவிடும். கொள்கலனை மீண்டும் தொடங்கினாலும் அது தானாகத் திரும்பி வராது.

ரன்னுக்கும் எக்செக்குக்கும் ‘இயக்கு’ என்ற ஒரே சொல்லை வழங்கினால் இந்த வேறுபாடு படிப்பவருக்குப் புலப்படாமல் போகும். ஆகவே ரன்னுக்கு ‘இயக்கு’, அட்டாச்சுக்கு ‘இணை’, எக்செக்குக்கு ‘உள்நிறைவேற்று’ எனக் கொள்ளலாம். ‘தரவுத்தளக் கொள்கலனில் காப்புநகல் கட்டளையை உள்நிறைவேற்றுக’ என்று எழுதினால், கொள்கலன் முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் விளங்கிவிடுகிறது. புணர்ச்சி விதிப்படி ‘உண்ணிறைவேற்று’ என்றாகவேண்டிய இச்சொல் உண்ணுதலோடு மயங்குமாதலால், ‘உள்நாடு’, ‘உள்நோக்கம்’ போல இயல்பாகவே எழுதுவது நல்லது.