ஆடிட், தணிக்கை, கணக்காய்வு: சிறைக்கு எந்தச் சொல் பொருந்தும்?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் தம்பி ஒருவர் சிறையில் வார்டராக இருக்கிறார். லீவில் வந்திருந்தபோது, "அண்ணே, ரெண்டு வாரமா ஆடிட். ஸ்டோரை விட்டு வெளியே வர நேரமில்ல" என்றார். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் அவர் மகள், "ஆடிட்டுக்குத் தமிழ்ல என்னப்பா?" என்று கேட்டாள். "தணிக்கை" என்றார். "படத்துக்குப் பண்ணுவாங்களே, அதா?" என்றாள் பிள்ளை. அவருக்கும் பதில் வரவில்லை, எனக்கும் உடனே வரவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆடிட். லத்தீனில் 'ஆடிரே' என்றால் கேட்பது, காதால் கேட்பது. அந்தக் காலத்தில் கணக்கை ஒருவர் உரக்கப் படிப்பார், பொறுப்பில் உள்ளவர் உட்கார்ந்து கேட்பார். அப்படிக் கேட்டதுதான் ஆடிட். ஆங்கிலம் வழியாக மலாய்க்கு வந்து 'ஜூரு ஆடிட்' (ஆடிட்டர்), 'கெத்துவா ஆடிட் நெகாரா' (தேசிய ஆடிட் தலைவர்) என்று நிலைத்துவிட்டது.

தணிக்கையைப் பலர் 'தணி' என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒலிதான் ஒன்று, வேர் வேறு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதை உருதுவின் 'தன்கீஹ்' என்ற சொல்லோடு இணைக்கிறது. தெலுங்கில் 'தனிகீ', கன்னடத்தில் 'தனிகெ' என்று இதற்கு உறவுகள் உண்டு. அரபு மூலத்தில் கிளையையும் கணுவையும் கழித்து மரத்தைச் சீராக்குவது, பிறகு எழுத்தைத் திருத்திச் செம்மையாக்குவது என்று பொருள். செம்பனையில் காய்ந்த மட்டையைக் கழிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பொருள் சட்டென்று பிடிபடும். கணக்கில் பிழையைக் கழிப்பதும் தணிக்கை, படத்தில் காட்சியை வெட்டுவதும் தணிக்கை. பிள்ளை கேட்டது சரியான கேள்விதான்.

சிறைக்குள் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. கைதி வீட்டுக்கு எழுதும் கடிதத்தை அதிகாரி படித்துப் பார்த்து அனுப்புகிறாரே, அதற்கும் தமிழில் கடிதத் தணிக்கை என்றுதான் பெயர். அப்படியானால் 'சிறைத் தணிக்கை' என்று செய்தியில் வந்தால் யார் யாரைத் தணிக்கை செய்தார்? சிறை கைதியையா, அரசு சிறையையா? இரண்டும் நேர் எதிர்த் திசை. ஒன்று சுவருக்குள்ளிருந்து வெளியே போவதைத் தடுக்கிறது, மற்றொன்று சுவருக்குள் நடப்பதை வெளியே கொண்டுவருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

'கண்காணிப்பு' என்ற சொல்லிலும் இதே சிக்கல். தமிழ்நாட்டில் சிறைக் கண்காணிப்பாளர் என்றால் சிறையை நடத்தும் அதிகாரி. தோட்டத்துக்காரர்களுக்கோ அந்தச் சொல் இன்னும் நெருக்கம். காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் நின்று ஆள் எண்ணிய கங்காணியும் 'கண்காணி'தான். எங்கள் தாத்தா காலத்தில் கங்காணி ஆட்களைப் பார்த்தார், தோட்ட எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதினார். அந்த செக்ரோல் சரியா என்று பார்க்கச் சொல்லும் உரிமை, பால் வெட்டியவருக்கு இல்லை. கண்காணிப்பு என்றால் கீழே இருப்பவரைப் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும். அதனால் சிறையின் மேல் அரசு வைக்கும் கண்ணுக்கு 'மேற்பார்வை' என்று சொல்வதே தெளிவு.

அந்த மேற்பார்வை எப்படி நடக்கிறது? சிறைத்துறை உள்துறை அமைச்சின் கீழ் இருக்கிறது. அமைச்சுக்கென்று உள் கணக்காய்வுப் பிரிவு உண்டு. வெளியிலிருந்து வருவது தேசிய கணக்காய்வுத் துறை. கூட்டரசு அரசியலமைப்பின் 105 முதல் 107 வரையிலான பிரிவுகளும் 1957ஆம் ஆண்டு கணக்காய்வுச் சட்டமும் அதற்கு அதிகாரம் தருகின்றன. அதன் அறிக்கை மாமன்னரிடம் போய், பிறகு மக்களவையில் வைக்கப்படுகிறது. அப்புறம் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு வேண்டிய அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கலாம்.

கணக்கோடு இது முடியாது. சிறைச் சட்டப்படி 'ஹாக்கிம் பெலாவாட்' எனப்படும் வருகை நீதிபதிகள் சிறைக்குள் போய்ப் பார்க்கலாம், கைதிகளின் புகாரைக் கேட்கலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் ஆட்களைத் தடுத்து வைக்கும் இடங்களுக்குப் போகலாம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள தைப்பிங் சிறையில் 2025 ஜனவரியில் கைதிகள் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தபோது, சுஹாகாம் பொது விசாரணை நடத்திச் சாட்சிகளைக் கேட்டது. 'ஆடிட்' என்ற லத்தீன் சொல்லின் பழைய பொருள், உட்கார்ந்து கேட்பது, அங்கேதான் முழுதாக நடந்தது என்று எனக்குப் படுகிறது.

சரி, எந்தச் சொல்? கணக்காய்வு. புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. நம் ஊர்க் கோயில், சங்கம் எதன் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும் 'உட்கணக்காய்வாளர் தேர்வு' என்று ஓர் அங்கம் இருக்கும். இலங்கையிலும் அரசுச் சொல் கணக்காய்வுதான். 'கணக்கு' என்பதைப் பணத்தோடு மட்டும் சுருக்கவும் வேண்டாம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (921), வாரியம் என்ற ஊர்க் குழுவின் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது என்கிறது. கணக்குக் காட்டுவது என்றால் பொறுப்புக்குப் பதில் சொல்வது. சிறைச் சமையலறைக்கு வந்த அரிசிக்கும், கைதி உள்ளே வரும்போது ஒப்படைத்த காசுக்கும், அவர் உடம்பில் உள்ள காயத்துக்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தத் தம்பி வாயில் அதிகம் வந்த சொல் 'தெகூரான்'. ஆடிட் எழுதும் குறை. தமிழ்நாட்டு அலுவலகங்களில் இதைத் 'தணிக்கைத் தடை' என்பார்கள், இலங்கையில் 'ஐயவினா' என்ற அழகான சொல் உண்டு. தடை என்றால் மறைத்துத் தாண்டத் தோன்றும், ஐயம் என்றால் விளக்கத் தோன்றும். நான் ஐயவினாவையே எடுத்துக்கொள்வேன். அதற்குத் துறை எழுதிக் கொடுக்கும் பதில் மலாயில் 'மக்லும் பாலாஸ்', தமிழில் மறுமொழி. குறையை ஏற்கிறோமா, ஏன் நடந்தது, என்ன செய்தோம், எந்தத் தேதிக்குள் முடியும் என்று அதில் வர வேண்டும். 'கவனத்தில் எடுத்துக்கொண்டோம்' என்ற ஒரு வரியை மறுமொழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை பிள்ளைக்கு ஒரு தாளில் மூன்று சொல் எழுதிக் கொடுத்தேன்: கணக்காய்வு, ஐயவினா, மறுமொழி. அவள் அதை அப்பாவின் வேலைப் பையில் வைத்துவிட்டாளாம்.