கடல் கடக்கும் விமானமும் காற்றின் கணக்கும்

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையில் அளந்த தூரம் இது. நியூயார்க் லண்டனைவிட ஏறத்தாழ 11 பாகை தெற்கே இருந்தாலும், இப்பாதை லண்டனிலிருந்து மேற்குக்குச் சற்று வடக்காகவே புறப்பட்டு, அயர்லாந்தைக் கடந்தபின்தான் தெற்கே வளைகிறது. உருண்டைப் பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் மெர்கேட்டர் வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கிழித்த நேர்க்கோட்டின்படி திசை மாறாமல் பறந்தால் சுமார் 220 கிலோமீட்டர் அதிகமாகும்.

இந்தத் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் ஏராளம். ஆனால் அவை காற்றைக் கணக்கில் கொள்வதில்லை. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு மேல் வளிமண்டலத்தில் அழுத்த வேறுபாட்டை உண்டாக்க, அதனால் எழும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்கு நோக்கித் திருப்பிவிடுகிறது. இந்த ஜெட் காற்றோட்டம், பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே வீசுகிறது. வெப்பநிலை வேறுபாடு மிகும் குளிர்காலத்தில் இதன் வேகமும் கூடும்.

காற்றைச் சார்ந்து மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்துக்கு, வழி நெடுகிலும் 150 கிலோமீட்டர் வேகக் காற்று இருப்பதாகக் கொள்வோம். எதிர்க்காற்றில் நியூயார்க் செல்ல 7 மணி 23 நிமிடமும், பின்காற்றில் திரும்ப 5 மணி 17 நிமிடமும் ஆகும். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது முழுமையாக ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால், காற்றே இல்லாத நாளைவிட இந்தப் போக்குவரவுக்கு 21 நிமிடம் அதிகம் பிடிக்கிறது. எதிர்க்காற்றுக்கு ஆட்பட்டிருக்கும் நேரமே நீளமானது என்பதுதான் காரணம். வேறு விதமாகச் சொன்னால், விமானம் காற்றினூடே போகும்போது சுமார் 6,650 கிலோமீட்டரும், வரும்போது சுமார் 4,750 கிலோமீட்டரும் பறக்கிறது. எரிபொருள் செலவைத் தீர்மானிப்பது இந்தத் தூரமே.

2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. தரையைச் சார்ந்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியபோதும் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை. ஏனெனில், அதைச் சுமந்த காற்றே வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. பயணச்சீட்டில் அச்சிடும் நேரம் இதைவிட நீளமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

ஆகவே, தூரத்தில் குறுகிய வழி நேரத்தில் குறுகியதாக இருக்க வேண்டியதில்லை. மேற்கே செல்லும் விமானம் ஜெட் காற்றோட்டத்தைத் தவிர்க்கச் சில நூறு கிலோமீட்டர் சுற்றிச் சென்றாலும் முன்னதாகவே சேர்ந்துவிடக்கூடும். இதனால்தான் வட அட்லாண்டிக்கின் வான்வழித் தடங்களை, மேற்கு நோக்கியவற்றை பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் ஷான்விக் விமானக் கட்டுப்பாட்டு மையமும் கிழக்கு நோக்கியவற்றை கனடாவின் காண்டர் மையமும், அன்றன்றைய காற்று முன்னறிவிப்பைப் பார்த்து நாள்தோறும் புதிதாக வகுக்கின்றன.