டிஏசி ஃபில்டரைத் தொடுவதற்கு முன்னால்

கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கம் வீடுகளில் ஸ்டீரியோ பொருத்தப் போனால் இப்போதெல்லாம் முதலில் வருவது ஸ்பீக்கர் பற்றிய கேள்வி இல்லை. "தம்பி, இந்த டிஏசியில ஏழு ஃபில்டர் இருக்கு, எதுல வச்சா நல்லாருக்கும்?" என்பதுதான். டிஏசி என்பது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிபையருக்குப் போகும் சிக்னலாக மாற்றும் பெட்டி. மச்சான் துபாயிலிருந்து அனுப்பியதாக இருக்கும், ராத்திரி முழுக்க ஃபாஸ்ட், ஸ்லோ, மினிமம் ஃபேஸ் என்று ஃபில்டரை மாற்றி மாற்றிக் கேட்டுக் குழம்பியிருப்பார்கள்.

சிடி தரத்தில் நொடிக்கு 44,100 சாம்பிள். அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் முளைக்கும் வேண்டாத சிக்னலை வெட்டுவதுதான் அந்த ஃபில்டரின் வேலை. ஃபாஸ்ட், கிட்டத்தட்ட 20,000 வரை நேராகப் போய்ச் சட்டென்று வெட்டும். ஸ்லோ கொஞ்சம் முன்னாலேயே சரிய ஆரம்பிக்கும். இந்தக் கூத்தெல்லாம் நடப்பது காது கேட்கும் எல்லையின் மேல் விளிம்பில். ஐம்பது தாண்டிய பலருக்கு அந்த விளிம்பே கேட்காது. ஃபாஸ்ட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒப்பிட்டே தீருவேன் என்றால் இரண்டிலும் வால்யூமைச் சரிசமமாக வையுங்கள், ஏனென்றால் ஒரு டெசிபல் கூடினாலே "ஆகா, தெளிவா இருக்கு" என்று காது ஏமாந்துவிடும்.

நிஜமான கோளாறு அறையில் இருக்கிறது. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, திரை போடாத ஜன்னல் என்று கட்டிவிட்டு, ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் (அடித்தொனி) கும்மென்று தேங்கத்தான் செய்யும். நம்ம ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 1140 அடி ஓடுகிறது, அந்தக் கணக்கில் 12 அடி அகலமுள்ள அறை 47, 48 ஹெர்ட்ஸிலும், 10 அடி உயரம் 57 ஹெர்ட்ஸிலும் வீங்கும், அதாவது அந்தத் தொனி மட்டும் தூக்கலாகக் கேட்கும். தவிலின் அடி எது, அறையின் இரைச்சல் எது என்று பிரிக்க முடியாமல் போவது இதனால்தான். முதலில் ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்திப் பாருங்கள். அப்புறம் ஒலியை அளக்கும் மைக் ஒன்றும் அறை ஒலியை வரைந்து காட்டும் ஆர்இடபிள்யூ (REW) என்ற மென்பொருளும் வைத்து அளந்து, வீங்கும் இடத்தை மட்டும் பாராமெட்ரிக் ஈக்யூவில் (வேண்டிய ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) நான்கு, ஆறு டெசிபல் குறையுங்கள். போன் மைக்கை அடித்தொனிக்கு நம்பாதீர்கள். ஒலி குறைந்து தெரியும் பள்ளத்தை மட்டும் நிரப்பப் போக வேண்டாம். அங்கே நேரலையும் எதிரொலியும் ஒன்றையொன்று அழிக்கின்றன, எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது. ஆறு டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிபையர் நான்கு மடங்கு பவர் தர வேண்டும், ஸ்பீக்கர் காயில்தான் வாடும்.

ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் ஃபில்டர் மெனுவுக்கே போகாதீர்கள். கரண்டை நிறுத்திவிட்டு டிஏசியையும் ஆம்ப்ளிபையரையும் இணைக்கும் ஆர்சிஏ பின்னைக் கழற்றிப் பாருங்கள், உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். ஸ்பீக்கர் ஒயரின் நுனி கறுத்திருந்தால் கொஞ்சம் வெட்டிவிட்டுப் புதிதாக முறுக்குங்கள்.

அளக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தே பாட்டுக் கேட்பவர் என்றால் திறந்து வைத்தே அளக்க வேண்டும், மூடினால் பேஸ் மாறிவிடும். அதனால் காற்று ஓய்ந்த நேரமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் மைக்கில் ஏறுவது முக்கால்வாசி கடல்காற்றுதான்.